லாரி பின்னால் வேண்டாம் தம்பி! - 200 மீட்டரில் ஜெயிக்கும் சைக்கிள் வித்தை

காலை ஆறரை மணி. காலடிப்பேட்டையிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் எண்ணூர் விரைவு சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். வரிசை நகர்ந்து ஒரு லாரி வேகமெடுத்ததும், அதன் பின்னாலேயே ஒரு சைக்கிள் ஒட்டிக்கொள்ளும். ஓட்டுவது பள்ளிக்கூடப் பையன். குனிந்து, கண்ணை லாரியின் பின்கதவில் வைத்து மிதிக்கிறான். எதிர்க்காற்று நின்றுபோகிறது. கால் வலி தெரியவில்லை. தானாகவே பறப்பது போல ஒரு சுகம்.

வடசென்னையில் சைக்கிளோடு வளர்ந்த பலருக்கும் இந்தச் சுகம் தெரியும். பலருடைய அம்மாக்களுக்கு இது தெரியாது. அதுவே பிரச்னை!

அந்தப் பையன் உணரும் சுகத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை வைத்து ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கமே கொடுக்கிறார்கள். ஆனால், அங்கே முன்னால் போவது கன்டெய்னர் லாரி அல்ல. அதனால், `லாரி பின்னால போகாதே' என்று பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அவன் எதைத் தேடிப் போகிறான் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். திட்டுவதோடு சேர்த்து ஒரு வழியையும் காட்டலாம், இல்லையா?

காற்று என்னும் எதிராளி

சைக்கிள் ஓட்டும்போது நம்மைப் பிடித்து இழுப்பது எது? மெதுவாகப் போகும்போது டயரும் தரையும். வேகம் கூடக் கூட, காற்று. வேகத்தை இரண்டு மடங்காக்கினால், காற்றைக் கிழித்துச் செல்ல இரண்டு மடங்கு சக்தி போதாது. எட்டு மடங்கு வேண்டும். மார்க்கெட்டுக்குப் போகிற வேகத்தில் காற்று நமக்கு ஒரு பொருட்டே இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவருக்கோ, மிதிக்கிற சக்தியில் பெரும்பகுதி காற்றுக்கே போய்விடும்.

முன்னால் ஒருவர் அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், பின்னால் ஒட்டி வருபவருக்கு வேலை மிச்சம். முன்னால் போவது இன்னொரு சைக்கிளாக இருந்தாலே, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சமாகும். லாரி என்றால் கேட்கவே வேண்டாம், அது நகரும் சுவர்! அந்தச் சுவருக்குப் பின்னால் சாதாரண சைக்கிளும் ராக்கெட் போலத் தோன்றும்.

இப்படி முன்னால் ஒருவரை விட்டு, அவர் வேகத்தில் தன் வேகத்தைக் கட்டிக்கொள்வதை `பேசிங்' என்கிறார்கள். டிராக் சைக்கிளிங் என்கிற விளையாட்டில், குறிப்பாக ஸ்பிரின்ட் பந்தயங்களில், வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

மெட்ரோவை முந்தும் மனிதர்கள்

2021 பிப்ரவரியில் காலடிப்பேட்டைக்கு மெட்ரோ ரயில் வந்தது. அந்த ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அதை ஒரு மனிதர் தன் இரண்டு காலால் முந்த முடியுமா?

முந்தியிருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து வீரர் ஹாரி லாவ்ரெய்சன் 200 மீட்டரை 9.088 விநாடியில் கடந்தார். மணிக்கு சுமார் 79 கிலோமீட்டர்! அடுத்த ஆண்டே அந்தச் சாதனையும் உடைந்தது. 2025 ஆகஸ்ட்டில் துருக்கியின் கோன்யா நகரில் பிரிட்டன் வீரர் மேத்யூ ரிச்சர்ட்சன் 8.857 விநாடியில் முடித்தார். 200 மீட்டரை 9 விநாடிக்குள் முடித்த முதல் மனிதர் அவர்தான். மணிக்கு 81 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம்.

இத்தனைக்கும் அந்த சைக்கிளில் பிரேக் கிடையாது. கியர் மாற்றவும் முடியாது. ஒரே பல்சக்கரம், அதுவும் பின்சக்கரத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. பெடலை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் வண்டி 8 மீட்டருக்கும் மேல் போகும். உச்ச வேகத்தில் அந்தக் கால்கள் நிமிடத்துக்கு 150 முறை வரை சுற்றுகின்றன. இந்த வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. இது வெலோட்ரோம் என்னும் தனி ஓடுதளத்துக்கு மட்டுமே ஆனது.

வெலோட்ரோம் என்பது கிண்ணம் மாதிரி சரிந்த ஓடுதளம். சர்வதேசப் போட்டிகள் பெரும்பாலும் 250 மீட்டர் சுற்றளவுள்ள மரத்தளத்தில் நடக்கும். அதன் வளைவுகளில் சரிவு 42 டிகிரிக்குக் குறையாது. மேல் விளிம்பில் நிற்பவர், கீழ் விளிம்பில் நிற்பவரைவிட இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே இருப்பார். அந்த உயரமே ஸ்பிரின்ட் வீரரின் ஆயுதம்.

ஐந்து பந்தயம், ஐந்து கணக்கு

ஸ்பிரின்ட் என்றாலே `ஒரே மிதி, ஓடிரு' என்று நினைப்போம். உண்மையில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் வேகத்தைச் செலவழிக்கிற கணக்கு வேறு.

*200 மீட்டர் தகுதிச் சுற்று:* கடிகாரம் ஓடுவது கடைசி 200 மீட்டருக்கு மட்டும்தான். ஆனால், வீரர் அதற்கு முன் இரண்டு, மூன்று சுற்று ஓட்டியாக வேண்டும். முதல் சுற்றில் நிதானம். பிறகு சரிவின் உச்சிக்கு ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றி, கடைசியில் பருந்து போலக் கீழே பாய்வார். பாய்ச்சலை ஒரு விநாடி முன்னதாகத் தொடங்கினால், முடிவுக்கோட்டுக்கு முன்னாலேயே கால் தளர்ந்துவிடும். ஒரு விநாடி தாமதமானால், முழு வேகம் வருவதற்குள் கோடு வந்துவிடும். 

*ஒருவருக்கு ஒருவர்:* தகுதி பெற்றவர்கள் இரண்டு இரண்டு பேராக மோதுவார்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இதில் சிரிப்பு வரும். உலகின் அதிவேக மனிதர்கள் இரண்டு பேர் நடைவேகத்தில் உருட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். சில நேரம் காலைத் தரையில் ஊன்றாமல் நின்ற இடத்தில் அப்படியே நிற்பார்கள். காரணம், அதே காற்று! முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க வேண்டும். பின்னால் இருப்பவர் அந்த மறைவில் சக்தியை மிச்சம்பிடித்து, கடைசியில் எகிறி முந்தலாம். அதனால் `நீ முன்னால போ' என்று இருவரும் அடம்பிடிக்கிறார்கள். பூனை எலி விளையாட்டு இது. யார் முதலில் பாய்கிறார், எங்கே பாய்கிறார் என்பதில் முடிவு இருக்கிறது.

*டீம் ஸ்பிரின்ட்:* மூன்று பேர், மூன்று சுற்று. நின்ற நிலையிலிருந்து மூவரும் சேர்ந்து கிளம்புவார்கள். முதல் ஆள் ஒரு சுற்று முழுக்கக் காற்றைத் தாங்கிவிட்டு விலகுவார். இரண்டாமவர் இன்னொரு சுற்று இழுத்துவிட்டு விலகுவார். மூன்றாமவர் தனியாக முடிப்பார். முதல் ஆளுக்கு வெடித்துக் கிளம்பும் பலம் வேண்டும். மூன்றாம் ஆளுக்கு வேகத்தைத் தக்கவைக்கும் தெம்பு வேண்டும். பாரிஸில் நெதர்லாந்து அணி இந்த 750 மீட்டரை 40.949 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தது.

*ஒரு கிலோமீட்டர்:* வீரர்களே பயப்படும் பந்தயம். எவ்வளவு நிதானமாகத் தொடங்கினாலும் கடைசிச் சுற்றில் கால் எரியத்தான் போகிறது. அதனால் பலமாகக் கிளம்பி, ஏறிய வேகம் இறங்குவதை முடிந்தவரை தள்ளிப்போடுவதே வழக்கம். 2004 ஏதென்ஸில் பிரிட்டனின் கிறிஸ் ஹாய் இதில் 1 நிமிடம் 0.711 விநாடியில் தங்கம் வென்றார்.

*கெய்ரின்:* எண்ணூர் சாலைப் பையனுக்குச் சொல்ல வேண்டிய பந்தயம் இதுதான். ஆறேழு வீரர்கள் வரிசையாக நிற்க, முன்னால் `டெர்னி' என்ற சிறிய மோட்டார் வண்டி ஒன்று போகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் தொடங்கி 50 வரை ஏற்றுவார் அதன் ஓட்டுநர். எல்லோரும் அவர் பின்னால் இடத்துக்கு முட்டிமோதிக்கொண்டே தொடர்வார்கள். மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது டெர்னி விலகிக்கொள்ளும். அதன் பின் ரணகளம்தான்!

கெய்ரின் பிறந்தது ஜப்பானில். 1948-ல் கொகுரா நகரில் தொடங்கியது. போரில் நொறுங்கிப் போயிருந்த ஊர்களை மீட்டெடுக்க நிதி திரட்டும் பந்தயமாக வளர்ந்தது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் நுழைந்தது. ஜப்பானின் கொய்ச்சி நகானோ 1977 முதல் 1986 வரை, தொடர்ந்து 10 முறை உலக ஸ்பிரின்ட் சாம்பியன். கெய்ரின் வளர்த்த கால்கள் அவை.

துறைமுகத்திலிருந்து கப்பல் போகும் ஊர்

`இதெல்லாம் வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் விளையாட்டு. நமக்கு எதுக்கு?' என்று தோன்றலாம். ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பல் போகிறதே, அந்தத் தீவுகளைக் கேட்டுப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரைகளை உலுக்கிய அதே சுனாமி, கார் நிக்கோபார் தீவை விழுங்கியது. அங்கே 9 வயதுச் சிறுமி டெபோரா ஹெரால்ட், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் உயிர்பிழைத்தார். பின்னாளில் சைக்கிள் ஏறினார். 2015-ல் பெண்களுக்கான 500 மீட்டர் பந்தயத்தில் உலகத் தரவரிசையில் 4-வது இடம்வரை போனார்.

அதே தீவுக்கூட்டத்திலிருந்து வந்தவர் எஸோ ஆல்பன். 2018-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி. டெர்னி பின்னால் ஓடி வந்த பதக்கம்! அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் ஆன் டெர் ஓடெர் நகரில் ஆல்பன், மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோர் அடங்கிய இந்திய ஜூனியர் அணி, டீம் ஸ்பிரின்ட்டில் உலக சாம்பியன் ஆனது. 2022 ஜூனில் டெல்லியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் ரொனால்டோ சிங் ஸ்பிரின்ட் வெள்ளி வென்றார்.

இவர்களில் யாரும் பெருநகரத்துச் சொகுசில் வளர்ந்தவர்கள் இல்லை. இவர்களுக்குக் கிடைத்தது மூன்று விஷயங்கள். சின்ன வயதில் கவனித்த கண், முறையான பயிற்சி, டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டப்பட்ட 250 மீட்டர் உள்ளரங்க மரத்தளம்.

வடசென்னைக்குத் திறமைப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் என்று ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு விளையாட்டு உண்டு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காஸிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். இந்தப் பக்கத்துப் பெண்தான். சக்கரத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாக எம்.ஆர்.எஃப் தொடங்கியது திருவொற்றியூரில். என்ஃபீல்டு புல்லட் தயாரானதும் திருவொற்றியூரில். டயரும் மோட்டார் சைக்கிளும் செய்த ஊரில், சைக்கிள் சாம்பியன் ஏன் வரக் கூடாது?

தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டினால் வேகம் வருமா?

வராது. பெற்றோரும் பிள்ளைகளும் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

நம் தசையில் உடனடியாக வெடித்துக் கிளம்பத் தேவையான எரிபொருள் மிகக் கொஞ்சமே சேமிப்பில் இருக்கிறது. முழு பலத்தோடு மிதித்தால் சுமார் 10 விநாடிக்குள் அது தீர்ந்துவிடும். மறுபடி நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். ஸ்பிரின்ட் பயிற்சியின் அடிப்படையே இந்த உண்மைதான். கொஞ்ச நேரம் முழு பலம். நிறைய நேரம் ஓய்வு. மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த ஓட்டத்துக்குப் போனால், பயிற்சி ஸ்பிரின்ட்டுக்கு அல்ல, நெடுந்தூரத்துக்கு ஆகிவிடும். பெரிய வீரர்கள் ஒரு முழுவேக ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கால்மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு `சும்மா உட்கார்ந்திருக்கான்' என்று தோன்றும். அந்த உட்காரலும் பயிற்சிதான்.

தொடங்கும் பிள்ளைகளுக்கு, சாதாரண சைக்கிளிலேயே செய்யக்கூடிய சில பயிற்சிகள் உண்டு. வண்டி போகாத மைதானம், தலையில் ஹெல்மெட், நல்ல பிரேக், கூடவே ஒரு பெரியவர்: இந்த நான்கும் கட்டாயம்.

1. *உடலைச் சூடாக்குதல்:* 15 முதல் 20 நிமிடம் மெதுவாக ஓட்ட வேண்டும். இடையிடையே இரண்டு, மூன்று முறை ஐந்து விநாடிக்கு மட்டும் வேகம் ஏற்றி இறக்கலாம். குளிர்ந்த தசையோடு பாய்ந்தால் தொடையில் பிடிப்புதான் பரிசு.

2. *நின்ற நிலையிலிருந்து கிளம்புதல்:* நண்பன் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொள்ள, இரண்டு காலும் பெடலில். சைகை கொடுத்ததும் 50 மீட்டர் முழு பலத்தில். பிறகு ஐந்து நிமிடமாவது ஓய்வு. மொத்தம் நான்கு முறை போதும். டீம் ஸ்பிரின்ட்டின் முதல் ஆளுக்கான பாடம் இது.

3. *பறக்கும் 100:* மைதானத்தில் 100 மீட்டரை அளந்து இரண்டு கல் வைக்கவும். தூரத்திலிருந்தே வேகம் ஏற்றி வந்து, அந்த 100 மீட்டரை மட்டும் செல்போனில் நேரம் பிடிக்கவும். எங்கே பாய்ச்சலைத் தொடங்கினால் நேரம் குறைகிறது என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

4. *கால் சுழற்சி:* உட்கார்ந்தபடியே, இடுப்பு குதிக்காமல், 10 விநாடிக்கு எத்தனை முறை பெடல் சுற்ற முடிகிறது என்று எண்ணுவது. வேகம் என்பது பலம் மட்டும் அல்ல, சுழற்சியும்தான்.

5. *நண்பனின் நிழல்:* நண்பன் முன்னால் சீராக ஓட்ட, ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டுத் தொடர்வது. பார்வை அவன் பின்சக்கரத்தில் இருக்கக் கூடாது. அவன் தோளைத் தாண்டி முன்னால் இருக்க வேண்டும். காற்று மறைவு என்றால் என்ன என்பதை உடம்பு தானாகப் புரிந்துகொள்ளும். மிதமான வேகத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் போதும். பறக்கும் 100-ல் நேரம் கூடத் தொடங்கினால், அன்றைய பயிற்சி முடிந்தது என்று அர்த்தம். தோட்டுப் பயிற்சி (உட்கார்ந்து எழுதல்) தன் உடல் எடையிலேயே செய்யலாம். இரும்பு எடை தூக்குவது பயிற்சியாளர் பார்வையில் மட்டுமே. முட்டை, மீன், சுண்டல் என்று வீட்டுச் சாப்பாடே வளரும் தசைக்குப் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், ராத்திரி செல்போனைத் தள்ளிவைத்துவிட்டு நன்றாகத் தூங்குவது.

டெர்னிக்கும் டிரெய்லருக்கும் என்ன வித்தியாசம்?

பெரிய வீரர்கள் பயிற்சியில் மோட்டார் வண்டி பின்னால் ஓட்டுகிறார்கள் என்பது உண்மை. தன் சொந்த பலத்தில் எட்ட முடியாத வேகத்தைக் காலுக்குப் பழக்கப்படுத்த அது உதவுகிறது. அப்படியென்றால் லாரி பின்னால் போவதும் பயிற்சிதானே என்று பையன் கேட்பான். பதில் தயாராக இருக்கட்டும்.

டெர்னி ஓட்டுநர் பயிற்சி பெற்றவர். பின்னால் வருபவர்களை மனதில் வைத்தே ஓட்டுவார். திடீரென நிறுத்த மாட்டார். ஓடுதளத்தில் பள்ளம் இல்லை. குறுக்கே யாரும் வர மாட்டார்கள். டெர்னி சின்னது. அதைத் தாண்டி முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியும்.

கன்டெய்னர் லாரியில் எல்லாமே தலைகீழ். ஒட்டிப் பின்னால் வரும் சைக்கிள், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியவே தெரியாது. லாரி பள்ளத்தின் மேல் சக்கரங்களுக்கு நடுவே விட்டுப் போகும். பின்னால் வருபவனுக்கு அந்தப் பள்ளம் முன்சக்கரத்துக்குக் கீழே வந்த பிறகே தெரியும். லாரி பிரேக் பிடித்தால், ஒதுங்க அவனுக்கு ஒரு விநாடிகூட இல்லை. பக்கவாட்டில் கையைப் பிடித்துத் தொங்கிப் போவது இன்னும் மோசம். நீளமான டிரெய்லர் திரும்பும்போது, அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்திலேயே வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சைக்கிள் இருப்பதோ அந்த உள்பக்கத்தில்.

வேகம் பிடித்த பிள்ளையின் தைரியத்தைக் குறை சொல்ல வேண்டாம். அந்தத் தைரியம் இல்லாமல் 42 டிகிரிச் சரிவில் யாரும் இறங்க முடியாது. அதைச் செலவழிக்கும் இடத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

எங்கே போவது?

முதல் படி வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. பேரறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். 13 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 10 கிலோமீட்டர். மற்ற பிரிவுகளில் மாணவர்களுக்கு 20, மாணவிகளுக்கு 15. சாதாரண கைப்பிடி கொண்ட இந்திய சைக்கிள்தான் வேண்டும் என்பதால், லட்ச ரூபாய் வண்டிக்காரர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பிளஸ் 1 படிக்கும்போது அரசு தரும் விலையில்லா சைக்கிளே போதும். இது ஸ்பிரின்ட் பந்தயம் அல்ல. ஆனால், பயிற்சியாளர்களின் கண்ணில் படுவதற்கு நல்ல வாசல்.

இரண்டாம் படி கொஞ்சம் தூரம். சென்னைக்குத் தெற்கே மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் வெலோட்ரோம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் டிராக் சைக்கிளிங் போட்டிகள் அங்கேதான் நடந்தன. அந்தப் போட்டிகளில் தமிழ்நாடு ஒட்டுமொத்தமாக 38 தங்கத்துடன் 98 பதக்கம் வென்று இரண்டாம் இடம் பிடித்தது.

காலடிப்பேட்டையிலிருந்து மேலக்கோட்டையூர் 40 கிலோமீட்டருக்கும் மேல். மெட்ரோவில் ஏறினால் விமான நிலையம்வரை ஒரே ரயில். எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்து வண்டலூர், அங்கிருந்து கேளம்பாக்கம் சாலையில் பஸ். ஸ்கூல் நாளில் போய் வர முடியாது என்பது உண்மை. விடுமுறையில் ஒருமுறை பிள்ளையை அழைத்துப் போய், அந்தச் சரிவைக் கண்ணால் பார்க்க வைக்கலாம். டி.வி-யில் பார்ப்பதற்கும் நேரில் நிமிர்ந்து பார்ப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

`சைக்கிள் ஓட்டினா சோறு போடுமா?' என்ற கேள்வியும் வீட்டில் வரும், நியாயமான கேள்விதான். ரயில்வே, ராணுவம் போன்றவை சைக்கிளிங் அணிகளை வைத்திருக்கின்றன. தமிழக அரசுப் பணிகளில் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு உண்டு. எல்லோரும் அங்கே போய்ச் சேர மாட்டார்கள். அதனால் படிப்பை விட்டுவிட்டு சைக்கிள் வேண்டாம், படிப்போடு சைக்கிள்.

பேட்டைக்குப் பெயர் வந்த கதை

காலடிப்பேட்டை என்ற பெயரில் `காலடி' இருப்பதால், ஏதோ பாதம் பட்ட இடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது `காலெட் பேட்டை'. 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்திய கம்பெனியின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய பேட்டை இது.

இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள். காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர், தினமும் காஞ்சிபுரம் போய் வரதராஜரைத் தரிசித்துவிட்டே வேலைக்கு வருவாராம். தினமும் தாமதம். அவருடைய பக்தியைச் சோதித்துப் பார்த்த கவர்னர், கடைசியில் தண்டிப்பதற்குப் பதிலாக, அவர் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று வரதராஜருக்கு இங்கேயே கோயில் எழுப்பக் காரணமானாராம்.

கதை எவ்வளவு நிஜமோ, ஊர் அதை முந்நூறு ஆண்டுகளாக நம்புகிறது. ஒருவன் ஆசைப்பட்டது தூரத்தில் இருந்தால், அவனைத் திட்டுவது ஒரு வழி. அதை அவன் பக்கத்தில் கொண்டுவருவது இன்னொரு வழி. மூன்று துறைமுகங்களுக்குச் சரக்கு சுமக்கும் இந்தப் பகுதியில், லாரி வராத ஒரு கிலோமீட்டர் சைக்கிள் பாதை, ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்துவிடப்படும் ஒரு பள்ளி மைதானம், நேரம் பிடிக்கத் தெரிந்த ஒரு பி.டி. மாஸ்டர்: இவ்வளவு கிடைத்தாலே போதும், பாதி வெலோட்ரோம் பக்கத்தில் வந்த மாதிரி.

அதுவரை, நாளைக் காலையில் சைக்கிளை எடுக்கும் பிள்ளையிடம் வாசலிலேயே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். `லாரி பின்னால போகாதப்பா. ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்குப் போவோம், நான் டைம் பார்க்கிறேன்.'